எழுதுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆண்டுகளாகச் சிறுகதைகளும் நாவல்களும் எழுதிவருகிறேன். புதிதாக எழுத வருகிறவர்களின் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. பிரதியோடு வரும் கடிதத்தில் கதையைப் பற்றி இரண்டு வரி இருக்கும். அதற்குக் கீழே, கொஞ்சம் தயங்கி, வேறொன்றைக் கேட்டிருப்பார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொள்வது எப்படி என்பதுதான் அது. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள பதில்களில் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. எழுதுகிறவரின் சோர்வு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று பிரதிக்குள்ளிருந்து வருவது: இந்த வரி பொய்யாக ஒலிக்கிறது, இந்தப் பாத்திரம் உயிரோடு இல்லை. மற்றது வெளியிலிருந்து வருவது: பதில் வரவில்லை, யாரும் படிக்கவில்லை, நேரமில்லை. முதல் சோர்வு எங்கே கைவைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். இரண்டாவதற்கு உங்கள் கதையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆனால் தூக்கம் வராத இரவில் இரண்டும் ஒரே குரலில் பேசும். எது எது என்று பிரிக்கத் தெரியாமல்தான் பலர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.


மனதில் இருந்த கதை எவ்வளவோ பெரியது. எழுதி முடித்துப் பார்த்தால் சின்னதாக, உயிரில்லாமல் கிடக்கிறது. எல்லோருக்கும் இப்படித்தானா?

ஆமாம். ராமகாதையைப் பாட வந்த கம்பரே, பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிடப் புகுந்த பூனையைப் போல ஆசைப்பட்டுவிட்டேன் என்றுதான் அவையடக்கம் சொல்கிறார். அதை வெறும் பணிவு என்று எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. பெரிய ஒன்றை மனதில் கண்டு, கையில் அள்ளும்போது துளிகளாக வந்ததை அறிந்த ஒருவரின் சொல்லாகவே அதைப் படிக்கிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது? மனதில் இருக்கும் கதைக்குச் சொற்கள் கிடையாது. ஒரு முகம் இருக்கும், ஒரு வெளிச்சம் இருக்கும், கடைசிக் காட்சியின் அமைதி இருக்கும். நடுவில் உள்ள பள்ளங்களை மனம் தானே மூடிக்கொண்டு, எல்லாம் தயார் என்று நம்மை நம்பவைக்கும். எழுத உட்காரும்போதுதான், அந்தப் பெண் அந்த வீட்டுக்கு எதற்காக வந்தாள் என்பதே நமக்குத் தெரியாது என்பது தெரியவரும். மனதில் இருந்த கதை முழுமையாக இருந்ததில்லை. அது முழுமையாகத் தோன்றியது, அவ்வளவுதான்.

என் முதல் நாவலில் ஒரு தந்தையின் மரணம் வருகிறது. அந்தக் காட்சியை நான்கு ஆண்டுகள் மனதில் சுமந்தேன். ஒரு பிற்பகலில் எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இவ்வளவுதானா என்று அழுகையே வந்துவிட்டது. கட்டி வைத்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தபோது, நான் திட்டமிடாத ஒன்று அதில் இருந்தது: எல்லோரும் உடலைச் சுற்றி நிற்க, மகன் மட்டும் அப்பாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். நான் சுமந்த நான்கு ஆண்டுகளில் அந்தக் கண்ணாடி ஒருநாள்கூட என் மனதில் வந்ததில்லை. அது எழுதிய கைக்குக் கிடைத்தது. அந்தத் தேடலிலிருந்துதான் மீதி நாவல் வந்தது.

அதனால் நான் சொல்வது இது: எழுதியதை மனதில் இருந்ததோடு ஒப்பிடாதீர்கள். சில வாரம் கழித்து, மனதில் இருந்தது மங்கிய பிறகு, தாளில் உள்ளதை மட்டும் படியுங்கள். நீங்கள் வைக்காத ஏதாவது அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.


மாதக்கணக்கில் ஒரு வரிகூட வரவில்லை. எழுத்து என்னை விட்டுப் போய்விட்டதா?

ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லலாம் என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதில் ஆட்கள் தங்களை மிகவும் கொடுமைப்படுத்திக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கே, ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள டுயினோ கோட்டையில் 1912 ஜனவரியில் தம் பெரும் கவிதை வரிசையைத் தொடங்கினார். சிலவற்றை எழுதினார். பிறகு நின்றது. போர் வந்தது, ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார், ஊர் ஊராக அலைந்தார். வரிசையை முடித்தது 1922 பிப்ரவரியில், ஸ்விட்சர்லாந்தில். பத்து ஆண்டுகள். முடித்த அதே மாதத்தில், கேட்காமலே வந்ததுபோல, ஐம்பத்தைந்து சானட் கவிதைகளையும் எழுதினார்.

இதைச் சொல்லிவிட்டு ‘காத்திருங்கள், வரும்’ என்று முடிப்பது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பத்து ஆண்டு காத்திருந்து எதுவும் வராதவர்களின் கதை நம் காதுக்கு வருவதில்லை. ரில்கேயிடம் நான் கவனிப்பது வேறு. அந்தப் பத்து ஆண்டிலும் அவர் கடிதங்கள் எழுதினார், மொழிபெயர்த்தார், வேறு கவிதைகள் எழுதினார். நின்றது ஒரு படைப்பு, கை நிற்கவில்லை.

அடுத்து, ‘வரவில்லை’ என்பது ஒரே நோய் அல்ல. கதையின் முன்பகுதியில் ஒரு தவறான முடிவு எடுத்துவிட்டு, அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் முன்னே தள்ளிக்கொண்டு போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்தத் தடைக்கு மருந்து பின்னால் இருக்கிறது. நின்ற இடத்தை விட்டுவிட்டு, கடைசியாக மகிழ்ச்சியோடு எழுதிய பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். பெரும்பாலும் அதற்கு அடுத்த பக்கத்தில்தான் பிசகு இருக்கும். என் அனுபவத்தில் பாதித் தடைகள் இந்த வகைதான்.

யாரோ தோளுக்கு மேல் நின்று படிப்பதுபோல் தோன்றுவதால் வருவது இன்னொரு தடை. முதல் புத்தகத்துக்குப் பாராட்டுக் கிடைத்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். இதற்கு நான் செய்வது, எவரிடமும் காட்டப்போவதில்லை என்று முடிவுசெய்துகொண்டு மிக மட்டமான ஒரு வரைவை எழுதுவது. அந்த முடிவு உண்மையாக இருக்க வேண்டும். பிறகு காட்டலாம் என்று உள்ளுக்குள் நினைத்தால் மனம் கண்டுபிடித்துவிடும்.

மூன்றாவது, வெறும் களைப்பு. துக்கம், நோய், குழந்தை பிறந்த முதல் வருடம், வேலைச் சுமை. இதில் எழுத்துக்குத் தடையே இல்லை. உடம்புக்கு ஓய்வு வேண்டும். தூங்குங்கள். பல மாதமாக எழுத்து மட்டுமின்றி எதிலுமே மனம் ஒட்டவில்லை என்றால், அதை எழுத்தாளரின் இயல்பு என்று அலங்கரிக்காமல் ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.


தினமும் எழுதித்தான் ஆக வேண்டுமா?

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரொலோப் விடியற்காலை ஐந்தரை மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். பெரும்பகுதி வாழ்க்கையில் அவர் அஞ்சல் துறை ஊழியர். நாற்பத்தேழு நாவல்கள். மறுபக்கத்தில் நம் மௌனி வாழ்நாள் முழுவதும் எழுதியவை இரண்டு டஜன் கதைகளைத் தாண்டவில்லை. அவற்றைத் தமிழ் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது.

தினமும் எழுதுவது அறமும் அல்ல, சட்டமும் அல்ல. ஆனால் நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு காரணத்துக்காக அதைப் பரிந்துரைக்கிறேன். ஐந்து நாள் விட்டுவிட்டால், அந்த உலகத்துக்குள் திரும்ப நுழையவே இரண்டு நாள் பிடிக்கும். பாத்திரம் எந்தக் குரலில் பேசினார் என்பது மறந்துவிடும். சிறுகதைக்கும் கவிதைக்கும் இந்தக் கட்டாயம் இல்லை.


வேலைக்குப் போகிறேன், குடும்பம் இருக்கிறது. எழுத நேரமே கிடைப்பதில்லை.

காஃப்கா பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு இரவில்தான் எழுதினார். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து காலை ஆறு மணிக்கு ஒரு சிறுகதையை முடித்து எழுந்தார். டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்தபடி, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி, குழந்தைகள் விழிப்பதற்கு முன் விடியலில் எழுதினார். செகாவ் மருத்துவர்.

இந்தப் பட்டியலைக் காட்டி ‘அவர்களால் முடிந்தது, உங்களால் ஏன் முடியாது’ என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமற்ற கேள்வி. காஃப்காவும் இந்த வாழ்க்கையைத் தாங்க முடியாமல் கடிதங்களில் புலம்பினார். அவர் எழுதிய மூன்று நாவல்களும் முடிவுறாமல்தான் நின்றன. நேரமின்மை உண்மையான இழப்பு. அதிலும் வீட்டைக் கவனிக்கும் பொறுப்பு முழுதும் ஒருவர் தலையில் இருக்கும்போது, அதிகாலையில் எழுங்கள் என்று சொல்வது அவருடைய தூக்கத்திலும் கைவைப்பதுதான். முதலில் வீட்டில் உள்ளவர்களிடம் நேரத்தைக் கேளுங்கள். ‘வாரத்தில் இந்த இரண்டு மணி நேரம் என்னுடையது’ என்று சொல்லிக் கேளுங்கள். பலர் எழுதுவதையே ஒளித்து வைத்திருப்பதால் இதைக் கேட்கவும் முடியாமல் போகிறது.

கிடைக்கும் அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்துவது. ஹெமிங்வே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். வாக்கியத்தின் நடுவில்கூட நான் நிறுத்தியிருக்கிறேன். மறுநாள் உட்கார்ந்ததும் யோசிக்க வேண்டியதில்லை. பாதி வாக்கியம் காத்துக்கொண்டிருக்கும்.


கதையை அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. வேண்டாம் என்றாவது சொல்லலாம் அல்லவா? பதிலே இல்லை.

மறுப்பைவிட மௌனம் கொடியது. மறுப்பில் யாரோ ஒருவர் படித்தார் என்ற ஆறுதலாவது இருக்கும். மௌனத்தை நாமே எழுதி நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்பும்போது நம்மைப் பற்றி மோசமானதைத்தான் எழுதுகிறோம்.

போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ 1947-இல் முதல் நாவலை வெளியிட்டார். 1953-இல் அடுத்த நாவலை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். பதில் இல்லை. மறுப்பும் இல்லை. அதற்குப் பிறகு 1966 வரை அவர் பெயரில் எந்தப் புத்தகமும் வரவில்லை. 1989-இல், அவர் உலகப் புகழ் பெற்றுவிட்ட பிறகு, அதே பதிப்பகம் இடம் மாறும்போது பழைய பிரதி கிடைத்ததாகவும் வெளியிட விரும்புவதாகவும் சொன்னது. அவர் சம்மதிக்கவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை வேண்டாம் என்றார். 2010-இல் இறந்தார், நாவல் 2011-இல் வந்தது. இடையில், 1998-இல், நோபல் பரிசும் பெற்றிருந்தார்.

நோபல் வாங்கிய பிறகும் அந்தக் காயம் ஆறவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். ஆகவே உங்களுக்கு வலிக்கிறது என்றால் நீங்கள் பலவீனமானவர் என்று பொருள் இல்லை. அதே நேரத்தில், பிரதி எங்கோ ஒரு மூலையில் கிடந்தது என்பதையும் கவனியுங்கள். முப்பத்தாறு ஆண்டு மௌனத்தில் அந்த நாவலைப் பற்றிய தீர்ப்பு ஒரு சொல்லும் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று மாதம் கழித்துப் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். மேலும் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுத்தில் தெரிவித்து வேறிடம் அனுப்புங்கள். அனுப்பிய அன்றே அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள். ஒரே ஒரு கதையை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர் அந்தக் கதையின் பிணைக்கைதி ஆகிவிடுகிறார். நானும் அப்படி ஒரு வருடத்தை இழந்தேன். ஓர் இதழ் என் கதையை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, பிறகு அடுத்த இதழ், அதற்கடுத்த இதழ் என்று தள்ளி, கடைசியில் அந்த இதழே நின்றுபோனது. அந்த ஒரு வருடத்தில் நான் வேறு எதுவும் எழுதவில்லை. அது இதழாசிரியரின் தவறல்ல.


மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது?

பொதுவான வாசகங்கள் மட்டும் இருந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை, மடித்து வையுங்கள். உங்கள் கதையின் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதியிருந்தால் அது பெரிய விஷயம். வேலைக்கு நடுவே ஒருவர் நின்று யோசித்திருக்கிறார். அவர் சொன்ன தீர்வு தவறாக இருக்கலாம், சுட்டிய இடம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தேர்வாளர்கள் தவறுவதும் உண்டு: பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்தின் பெருநாவலின் முதல் பகுதியைப் பதிப்பகங்கள் மறுக்க, அவர் 1913-இல் சொந்தச் செலவில் வெளியிட்டார். மறுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே ழீத் அடுத்த ஆண்டே தம் தவறுக்கு வருந்திக் கடிதம் எழுதினார்.


என்னோடு எழுதத் தொடங்கியவர் பெயர் பெற்றுவிட்டார். பொறாமையாக இருக்கிறது, அதைவிட, பொறாமைப்படுவது வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டாம். ஆனால் அவருடைய புத்தகத்தைப் படிக்காமல் இருக்காதீர்கள். பொறாமை வந்ததும் பலர் செய்வது அதுதான். படித்துப் பாருங்கள். நன்றாக இல்லை என்றால், நீங்கள் பொறாமைப்பட்டது அவருக்குக் கிடைத்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான். அது வெளிவிஷயம், தானாக அடங்கும். நன்றாக இருந்தால், எந்தப் பக்கத்தில் நெஞ்சு சுருங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுத ஏங்கும் ஏதோ ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கிறது. என் நண்பர் ஒருவரின் சிறுகதையில் வரும் உரையாடல்களைப் படித்து அப்படி வலித்தபோதுதான், என் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே ஆளைப்போலப் பேசுகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது. அவருக்குக் கடிதம் எழுதினேன். இன்றும் ஒருவருக்கொருவர் முதல் வரைவைக் காட்டிக்கொள்கிறோம்.


திருத்திக்கொண்டே இருக்கிறேன். எப்போது நிறுத்துவது?

திருத்தம் என்று எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சொற்களை மாற்றி மாற்றிப் போடுவது மட்டும் என்றால் அது முடியவே முடியாது.

இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த கருவி பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார். இலக்கண நூலுக்கும் உரைக்கும் சொன்னது என்றாலும், கதைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு வரைவை முடித்ததும் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒருமுறை தனியாகப் படித்துப் பார்ப்பேன். குன்றக் கூறல்: எனக்குத் தெரிந்ததால் வாசகருக்கும் தெரியும் என்று விட்டுவிட்ட இடம். மிகைபடக் கூறல்: காட்சியே சொல்லிவிட்டதை நான் மறுபடி விளக்கிய இடம். மற்றொன்று விரித்தல்: ஆராய்ச்சி செய்தது வீணாகக் கூடாதே என்று நுழைத்த மூன்று பத்திகள். வெற்றெனத் தொடுத்தல்: பக்கம் நகர்வதற்காக மட்டும் எழுதிய வரிகள். சென்று தேய்ந்து இறுதல்: இதுதான் நாவல்களின் பெருநோய். முதல் நூறு பக்கத்தில் இருந்த அடர்த்தி கடைசி நூறில் இருக்காது. எழுதியவர் களைத்துவிட்டார் என்பதை வாசகர் கண்டுகொள்வார். இதற்கு நான் செய்வது, இரண்டாம் வரைவைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குவது. தெம்பு இருக்கும்போது முடிவுக்குக் கொடுப்பேன்.

எப்போது நிறுத்துவது? தம் ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது முறை மாற்றி எழுதியதாக ஹெமிங்வே ஒரு நேர்காணலில் சொன்னார். சரியான சொற்கள் அமையவில்லை என்பதுதான் காரணம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எடுத்த காற்புள்ளியைத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன் என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவேன்.


வீட்டில் யாரும் நான் எழுதுவதைப் படிப்பதில்லை.

வலிக்கும்தான். ஆனால் உங்களை நேசிப்பதும் உங்கள் எழுத்தைப் படிப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒருவரே இரண்டையும் செய்ய வேண்டும் என்று இல்லை. எழுத்துக்கு வேண்டியது வாசிப்புப் பழக்கம் உள்ள ஒரே ஒரு அந்நியர். ஒருவர் போதும்.


வயதாகிவிட்டது. இனிமேல் தொடங்கலாமா?

ஆங்கில நாவலாசிரியர் பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் 1916-இல் பிறந்தார். முதல் புத்தகம் 1975-இல், முதல் நாவல் 1977-இல், புக்கர் பரிசு 1979-இல். தொடங்குங்கள்.


எதற்கு எழுதுகிறேன் என்றே தெரியவில்லை. விட்டுவிடலாமா?

விடலாம். இதை யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். எழுதாமல் இருப்பது குற்றமல்ல. நல்ல வாசகராக இருப்பது எழுதுவதற்குக் கீழான வாழ்க்கையும் அல்ல. விட்ட பிறகு மனம் இலேசாகிவிட்டால், நீங்கள் சரியாகத்தான் முடிவெடுத்தீர்கள்.

ஆனால் எந்தச் சோர்வைக் கேட்டு முடிவெடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்து அளவில்தான், அதுவும் பெயரில்லாமல். கவிதைகளைத் தாள்களில் படியெடுத்து, ஊசி நூலால் தைத்துச் சிறு ஏடுகளாக்கி வைத்தார். அவர் இறந்த பிறகுதான் அவை கிடைத்தன. அவருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அச்சுக்கு அனுப்பாத ஒன்றை அழகாகப் படியெடுத்துத் தைப்பவருக்கு, அந்த வேலையிலேயே ஏதோ கிடைத்திருக்கிறது. எவரும் படிக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் அந்த ஒரு வரியைச் சரிசெய்யத் தோன்றுகிறதா என்று உங்களையே கேளுங்கள். தோன்றினால், உங்களைக் களைக்கவைப்பது எழுத்து அல்ல, அதைச் சுற்றியுள்ளவை. ஓராண்டு எதையும் எங்கும் அனுப்பாமல் எழுதிப் பாருங்கள்.


கணினி பழுதாகிப் பாதி நாவல் போய்விட்டது. மறுபடி எழுத மனமில்லை.

போன மாதம்தான் இந்தக் கடிதம் வந்தது; இது இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ. 1835-இல் தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் பாகத்தை எழுதி முடித்து, படித்துப் பார்க்க நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் கொடுத்தார். அங்கே யாரோ வீணான காகிதம் என்று நினைத்து அதை எரித்துவிட்டார்கள். வேறு படி இல்லை. மில் நேரில் வந்து சொன்னபோது, அவருடைய முகத்தைப் பார்த்து அவரைத் தேற்றும் வேலையும் கார்லைலுக்கே வந்தது. மறுபடி எழுதினார். 1837-இல் மூன்று பாகங்களும் வந்தன.

முதலில் உங்களை ஒரு வாரம் துக்கப்பட விடுங்கள். போனது உண்மையாகவே போய்விட்டது; அதே வாக்கியங்கள் திரும்ப வராது. பிறகு, முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள். கண்ணை மூடினால் எந்தக் காட்சி முதலில் வருகிறதோ அதை எழுதுங்கள். அடுத்து எது வருகிறதோ அதை. வராதவற்றைத் துரத்தாதீர்கள், நினைவில் நிற்காத பகுதிகளில் பலவும் நாவலுக்குத் தேவைப்படாதவையாக இருக்கலாம். ஒவ்வொரு நாளும் எழுதி முடித்து எழுந்திருப்பதற்கு முன் இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கையால் எழுதுகிறவர் என்றால் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காட்சி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.